பாலத்தடியில் காய்ந்த வேட்டி

துணியைத் தண்ணீரில் போடுவதற்கு முன் அவர் ஒருதரம் முகர்ந்து பார்ப்பார். ஆஸ்பத்திரி விரிப்பு, துரைமார் பங்களாவின் மேசைத் துணி, எங்கள் துணிக்கடை வேட்டி, எதுவானாலும் மூக்குக்குப் போய்விட்டுத்தான் ஆற்றுக்குப் போகும். முகம் சுளிக்க மாட்டார். வந்த கடிதத்தை வாசிக்கிறவரைப் போலப் புருவம் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கும். பிறகு இது உவர்மண்ணுக்கு, இது எலுமிச்சைக்கு, இது வெறும் தண்ணீருக்கே போய்விடும் என்று மூன்று குவியலாகப் பிரித்துப் போடுவார்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் பதுளைக் கடைவீதி முழுக்க அவருக்கு டோபிக்காரி என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் 'அவ வந்துட்டாளா' என்பார்கள். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்த துணிச்சலில் 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினேன்.

"சின்ன மொதலாளி, இந்த அக்கா கிக்காவெல்லாம் வேணாங்க. ஒங்கம்மா காதுல விழுந்தா எனக்குத்தான் ஏச்சு விழும்."

ஏச்சு விழுந்தது. ஆனாலும் நான் விடவில்லை. இப்போது எழுதும்போதும் 'அவர்' என்றே எழுதுகிறேன். அவர் மொனராகலைப் பக்கம் மகள் வீட்டோடு போய் ஆறேழு வருஷமாகிறது. இனி என் அம்மாவின் ஏச்சு அவரை எட்டாது.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் அவர் சேங்கொட்டைப் பாலால் ஒரு குறி போட்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஆஸ்பத்திரிக்குப் பிறை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரரான சின்னதுரைக்கு ஒரு பெருக்கல் அடையாளம். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் குறி அழியாது. அவருடைய நியாயம் முழுவதும் அந்தக் குறியில்தான் இருந்தது: குறி யாருடையதோ, துணி சொல்லும் சேதியும் அந்த ஆளுடையது. வேறு ஆளுக்கு அதில் பாத்தியதை இல்லை.

இதை நான் முதலில் தெரிந்துகொண்டது என் சட்டையால்தான். பள்ளிக்கூடம் முடிகிற வருஷம், சந்தைக்குப் பின்னால் நின்று சுருட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். வெற்றிலை போட்டு, கொத்தமல்லி மென்று, என்னென்னவோ செய்து வீட்டுக்கு வருவேன். ஒருநாள் அவர் அழுக்கெடுக்க வந்தவர் என் சட்டையைக் கையிலெடுத்து முகர்ந்துவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"யாழ்ப்பாணச் சுருட்டு. நல்ல சுருட்டுகூட இல்லீங்க."

உள்ளேயிருந்து அம்மா வந்தார். "என்னடி சொன்ன அவன்கிட்ட?"

"சட்டையப் பத்திச் சொன்னேங்கம்மா."

"என்ன சட்டையப் பத்தி?"

"தம்பி சட்டைய தம்பிகிட்டத்தாங்க கேக்கணும்."

அம்மா கேட்கவில்லை, கோபத்தில் மறந்துவிட்டார். நான் சுருட்டை விட்டேன். நல்ல புத்தி வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மட்டமான சுருட்டு என்று ஒரு டோபி சொல்லிவிட்ட அவமானம்தான் காரணம்.

இந்தக் குணத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணிக்கும் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவருக்கும் ஆகாது. கணக்கப்பிள்ளையின் சட்டையில் சாராய வாடை இருந்ததா என்று மட்டும் சொல், மற்றதைத் துரையிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கங்காணி ஆள் விட்டுக் கேட்டார். இவர் சொன்ன பதில் கடைவீதிக்கே தெரியும்: "கங்காணி ஐயா தலப்பாவைப் பத்திக் கேட்டா அவருகிட்டச் சொல்றேன். அதுலயும் சொல்றதுக்கு இருக்கு." அதற்குப்பின் ஆறு மாதம் கங்காணி வீட்டுத் துணி அவருக்கு வரவில்லை. வாரத்துக்கு ஒரு டசன் வேட்டி போயிற்று. தலைப்பாகையில் அப்படி என்ன இருந்தது என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டது. இன்றுவரை தெரியாது.

எல்லோரும் அவரை மெச்சினார்கள் என்று எழுதினால் அது பொய். கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்த ஒருவர் இருமல்காரர். அவருடைய கைக்குட்டையில் இரத்தம் கண்டதும் இவர் அவரிடமே போய், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் போகவில்லை. மூன்று மாதம் மறைத்துவைத்தார். கடைசியில் போனபோது பிந்திவிட்டது. அந்த வீட்டம்மா ஆற்றங்கரைக்கே வந்து, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாயா என்று மண்ணை வாரித் தூற்றினார். இவர் குனிந்து துவைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுத் துணியை மட்டும் முகராமல் தண்ணீரில் போட்டதை நான் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். சரியா தப்பா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இனி மோட்டார் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்த காலம். பதுளைக்கு வருவதெல்லாம் மாட்டு வண்டியில் வரும், துணிப் பெட்டி உட்பட. அந்தப் பெட்டிகளுக்குள் உடையாமலிருக்க அடைத்துவரும் பழைய காகிதங்களில் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளும் இருக்கும். கடைப் பையன்கள் அதைக் கசக்கி எறிவதற்குள் நான் பொறுக்கி, கல் வைத்து நீவி, வாசிப்பேன். பாதிப் பக்கம் கிழிந்திருக்கும். சிலிண்டர், பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு எஞ்சினை நான் திறந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியிருக்கையில்தான் அந்தச் சின்னதுரை மலாயாவுக்கு மாறிப்போகிறார், தன் சிவப்பு மோட்டாரை விற்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. இரண்டு பேர் உட்காரும் பந்தய வண்டி. பின்பக்கம் தோணி மூக்கைப்போலக் கூம்பியிருக்கும். அது கடைவீதி வழியே போனால் தராசில் நிறுத்துக்கொண்டிருப்பவன்கூடக் கையை விட்டுவிட்டுப் பார்ப்பான்.

அப்பாவிடம் போய் நின்றேன். மாதிரித் துணிகளை எடுத்துக்கொண்டு அப்புத்தளை, பண்டாரவளை, மொனராகலை என்று ஒரே வாரத்தில் சுற்றி ஆர்டர் பிடித்துவிடலாம், மற்றக் கடைக்காரர் வண்டி கட்டுவதற்குள் நாம் முடித்துவிடலாம் என்றேன்.

"ரெண்டு பேர் குந்துற வண்டியில மூட்டைய எங்கடா வைப்ப?"

"மூட்டை இல்லப்பா, மாதிரித் துண்டு மட்டும். ஒரு பெட்டி."

அவர் முன்னால் கிடந்த காடாத் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரே ஒரு தடவை ஒம் புத்திக்கு விடுறேன். ஒம் பங்குல வாங்கு. பிசகுச்சுன்னா கப்பலேறி ஊருக்குப் போய் வயலைப் பாத்துக்க. அப்புறம் இந்தக் கடைப் படி ஏறக்கூடாது." கொஞ்சம் பொறுத்து, "மேடு ஏறுமா?" என்று கேட்டார்.

ஊர் என்பது இராமநாதபுரத்துப் பக்கம். நான் பிறந்ததே பதுளையில். அந்த வயலை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், வெடித்துக் கிடந்தது. அங்கே போய் மாட்டுக்கும் மழைக்கும் காத்திருக்க என்னால் ஆகாது.

என்னுடைய ஒரே கவலை எண்ணெய்தான். தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், குடிக்கிற எஞ்சின் பாதி வழியில் இறுகி நின்றுவிடும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். மொனராகலை வழியில் அப்படி நின்றால் யானைதான் தள்ளிவிடவேண்டும். சின்னதுரையிடம் கேட்டேன். அவர் தோட்டத் தமிழிலேயே பதில் சொன்னார். "எண்ணெய் கொஞ்சம்தான். நல்ல மோட்டார். மேடு ஏறும். நீ வா, பாரு."

மூன்று முறை போய்ப் பார்த்தேன். சாயங்காலம் அவர் டவுனிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும்போது பாலத்தருகே என்னை ஏற்றிக்கொள்வார். வளைவுக்கு மேல் வளைவாகச் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு ஏறும். நான் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பேன். புகை இல்லை. மேலே தோட்டத்து முகப்பில் இறக்கிவிடுவார். நான் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் துள்ளிக்கொண்டு இறங்கி வருவேன். வழியில் பார்க்கிறவர்களெல்லாம், "மேடு ஏறுச்சா?" என்பார்கள். ஏறியது என்பேன். "அப்பறம் என்ன" என்பார்கள். மலையில் வாழ்கிற எங்களுக்கு மாடானாலும் மோட்டாரானாலும் மேடு ஏறுகிறதா என்பதே கேள்வி. ஏறினது தானாக இறங்கும் என்பது எங்கள் எண்ணம்.

அந்த நாட்களில் கடைவீதியில் இன்னொரு சிரிப்பும் நடந்துகொண்டிருந்தது. சின்னதுரையின் பங்களாவில் சமையல் பார்க்கும் அப்பு வாரந்தோறும் மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கிப்போவான், அதுவும் போத்தல் போத்தலாக. "தொரைக்கு வயிறு எறங்கலயாம்" என்று கடைக்காரர் சொல்ல, "அந்தத் தோட்டத்து ரொட்டிய தின்னா எப்படி எறங்கும்" என்று நாங்கள் சேர்ந்து சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்தான்.

பணம் கொடுப்பதாகச் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்பு, காலையில் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே, ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆற்றின் கரையில் புதர்மேலும் புல்மேலும் அவர் விரித்த துணி வெள்ளையாகக் கிடந்தது. மேலே மலையில் சிவப்பு மோட்டாரின் சத்தம் கேட்டதுதான் தாமதம், அவர் துவைப்பதை விட்டு எழுந்து ஓடிப்போய், காய்ந்தது காயாதது எல்லாவற்றையும் வாரிச் சுருட்டத் தொடங்கினார். மரியாதைக்கு எழுந்திருக்கிறார், புழுதிக்குப் பயப்படுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் முந்தின இரவு பெய்த மழையில் சாலை நனைந்து கிடந்தது. புழுதி ஏது? யோசித்துக்கொண்டிருக்கையில் தபால்காரர் கூப்பிட்டார். தபாலாபீசுக்குள் போய் நான் கடிதம் வாங்கி வருவதற்குள் வண்டி பாலம் தாண்டிப் போய்விட்டது.

கீழே இறங்கிப் போனேன். "அக்கா, அந்த வண்டி வந்தா ஏன் துணிய அள்றீங்க?"

"அள்ளணும்னு தோணுச்சு, அள்ளுனேன்."

"நான் அத வாங்கப் போறேன்."

"கேள்விப்பட்டேங்க."

"தொரை துணியெல்லாம் நீங்கதான் வெளுக்குறீங்க. அதுல எண்ணெய் கிண்ணெய் இருக்குமா? எஞ்சின்ல கோளாறுன்னா ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவர் ஒரு விரிப்பை முறுக்கிப் பிழிந்தார். "தொரை துணியப் பத்தி தொரைகிட்டத்தாங்க சொல்லுவேன்."

"அப்ப ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"நான் ஒண்ணுஞ் சொல்லலயே."

எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா சொன்னதைச் சொன்னேன், வயலைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். "வெயில் போறதுக்குள்ள காயணும், நவுருங்க" என்றார். கச்சேரிக்காரரின் மனைவி எதற்காக மண்ணை வாரினார் என்று அப்போது எனக்கு விளங்கியது. நானும் வாரியிருப்பேன், சட்டை அழுக்காகிவிடுமே என்றுதான் விட்டேன். அதையும் அவரிடமே வெளுக்கப் போட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டு மூட்டை வந்தது. வெளுத்ததைக் கொண்டுவர வழக்கமாக அவருடைய புருஷன்தான் கழுதையோடு வருவார். அன்றைக்கு இவரே சுமந்துகொண்டு வந்தார். முற்றத்தில் அவிழ்த்தார். எல்லாம் பால் வெள்ளை. மேலே தனியாக மடித்து வைத்திருந்தது என் எட்டு முழ வேட்டி, கடையிலேயே நல்ல சலவையில் எனக்கென்று எடுத்தது. அதில் மழைத்தூறல் விழுந்ததுபோலக் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி.

"என்னக்கா இது? வேட்டியப் பாழாக்கிட்டீங்களே."

"இது ஒங்க வேட்டிதானே?" முனையைத் திருப்பிக் குறியைக் காட்டினார். இரண்டு புள்ளி, ஒரு கோடு.

"ஆமா."

"அப்ப ஒங்ககிட்டச் சொல்லலாம்." வேட்டியை மூக்கருகே கொண்டுபோய், நிதானமாக முகர்ந்தார். "இது எண்ணெய். நல்லெண்ணெய் இல்ல, தேங்காயெண்ணெய் இல்ல. வெளக்கெண்ணெய். அதுவும் கரிஞ்ச வெளக்கெண்ணெய். நேத்துக் காலயில வெளுத்து பாலத்தடியில காயப்போட்டேன். பத்து மணி வாக்குல பட்டுச்சு."

"பத்து மணிக்கு அந்தப் பக்கமா யார் போனா?"

"அது ரோட்டுக்குத் தெரியும். துணிக்கு எப்படித் தெரியும்?"

வேட்டியை வாங்கி நானும் முகர்ந்தேன். விளக்கெண்ணெய். பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று நானே கல் வைத்து நீவிப் படித்திருக்கிறேன். வாரம் வாரம் அந்த அப்பு வாங்கிப்போனது துரையின் வயிற்றுக்கல்ல, மோட்டாரின் வயிற்றுக்கு. படித்தவன் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் உறைத்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஈரத்துணியைக்கூட விடாமல் அள்ளுகிறவர், நேற்று ஒரே ஒரு வேட்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அள்ளியிருக்கிறார். வெளுத்த துணியில் கறை விழ விட்டது அவர் ஆயுளிலேயே அந்த ஒருதரம்தான் என்று நினைக்கிறேன். துரையின் துணியைப் பற்றி என்னிடம் அவர் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளேயிருந்து அம்மா, "ஏன்டி, வேட்டியில என்ன கறை?" என்றார்.

"தம்பிகிட்டக் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஏறித் தோட்டத்து முகப்பில் நின்றேன். டவுனுக்குக் கிளம்பிய சின்னதுரையிடம், கீழே வரை நானும் வருகிறேன் என்றேன்.

"எறங்க எதுக்கு?" என்றார். முகம் கொஞ்சம் மாறியது.

ஏறிக்கொண்டேன். கியரைப் போட்டபடியே, வேக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வளைவு வளைவாக இறக்கினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறக்கத்தில் காற்றுக்கு ஏங்குகிற எஞ்சின், தேய்ந்த வளையங்களின் இடுக்கு வழியே கீழேயிருக்கும் எண்ணெயை உறிஞ்சி வாய்க்குள் சேர்த்துக்கொண்டே வரும். பாலத்தைத் தாண்டி டவுன் மேட்டுக்கு மிதித்ததும் சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் எரியும். அவர் மிதித்தார். திரும்பிப் பார்த்தேன். பாலம் தெரியவில்லை, ஓயா தெரியவில்லை, நீலப் புகைதான். அது கொஞ்சம் விலகியபோது கீழே அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி நின்றிருந்தார்.

"எறங்கும்போது கொஞ்சம் குடிக்கும்" என்றார் சின்னதுரை. இருக்கைக்குப் பின்னால் மழைக்கோட்டின் அடியில் நாலு போத்தல் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கெட்ட மனிதரல்ல, கப்பலேற நாள் நெருங்கிவிட்ட மனிதர்.

புது வளையம் போட்டால் வாங்குகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். வேறு ஆளும் அவருக்கு அகப்படவில்லை. கொழும்பிலிருந்து வளையங்கள் ரயிலில் பண்டாரவளை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்கு வந்தன. மோட்டாரின் உயிர் மாட்டு வண்டியில் வந்தது என்று கடையில் சொல்லிச் சிரித்தார்கள். தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் எஞ்சின் பார்க்கிறவர் இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றிப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். முதன்முதலாக ஒரு எஞ்சினின் உள்ளே பார்த்தேன். தேய்ந்த வளையம் என் சுண்டுவிரல் நகத்தைவிட மெலிசாக இருந்தது.

அப்பா கேட்டார், "மேடு ஏறுதா?"

"ஏறுதுப்பா. இப்ப எறங்கவும் செய்யுது."

அவருக்கு விளங்கவில்லை. அந்த வண்டியில் நான் ஐந்து வருஷம் ஊவா மலையெல்லாம் சுற்றினேன். இன்றைக்கு இந்தக் கடைப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது அந்த வேட்டியால்.

வண்டி என் கைக்கு வந்த அன்று காலை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மேலிருந்து நானே ஓட்டி இறக்கினேன். ஒவ்வொரு வளைவிலும் என் கண் கீழே ஓயாக் கரையில்தான். சத்தம் கேட்டதும் அவர் நிமிர்வது தெரிந்தது. ஒரு கை துணியை நோக்கிப் போயிற்று. நான் பாலத்தைத் தாண்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிதித்தேன். சிவப்பு வண்டி மேட்டில் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பாலம் அப்படியே தெரிந்தது. புதர்மேல் துணியெல்லாம் அப்படியே கிடந்தது. அவர் மறுபடி குனிந்து துவைக்கத் தொடங்கியிருந்தார்.

எனக்கு அது போதவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். "அக்கா, எப்படி இருக்கு வண்டி?"

"வண்டியப் பத்தி எனக்கென்னங்க தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

அவர் கையை உதறிவிட்டுப் புதர்ப் பக்கம் போனார். ஆஸ்பத்திரி விரிப்பைத் தாண்டினார், துரை வீட்டு மேசைத் துணியைத் தாண்டினார். கடைசியில் ஒரு சட்டையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, இரண்டு புள்ளியும் கோடும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு முகர்ந்தார். புருவம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஒங்க சட்ட" என்றார். "வெயில் வாசந்தான் அடிக்குது."